ஐந்துக்கு ஒரு கட்டு

கரங்லோ, 1974 மே 12

வார்சினிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. நலமாகத்தான் இருப்பாய். என் கணவரைக் கப்பலேற்றிக்கொண்டு போனவளுக்கு நலத்துக்கு என்ன குறை?

கர்சோனோவுக்கு எழுத்து தெரியாது. நான் என்ன எழுதினாலும் நீதான் அவருக்குப் படித்துச் சொல்லவேண்டும். அப்படியிருக்க நடுவில் அவர் எதற்கு என்று உனக்கே எழுதுகிறேன்.

நேற்றுக் காலை அவருடைய அண்ணன் வந்தார், தர்சிமின்தான். கையில் சுண்ணாம்புக் கிண்ணம். வெற்றிலை போட வந்திருக்கிறார் என்று நினைத்துப் பாக்கை எடுத்து முன்னால் வைத்தேன். அவர் பாக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரலைச் சுண்ணாம்பில் தோய்த்து, நடுத்தூணில் ஒன்று என்று போட்டார். அடுத்ததில் இரண்டு.

"என்னண்ணே பண்றீங்க?"

"தம்பி சொல்லி அனுப்பிச்சிருக்கான். வீட்டைப் பிரிச்சு லாரில ஏத்தணுமாம். மிளகு ஏத்திட்டு வர நம்ம பக்கத்து லாரி கப்பல்ல கடல் தாண்டி லாம்புங் போவுது. போறப்ப காலியாத்தான் போவும்."

"அப்ப நான் எங்க இருக்கிறது?"

"அதை அவன் சொல்லலையே" என்று மூன்றாவது தூணுக்குப் போய்விட்டார்.

ஊர்த்தலைவரிடம் ஓடினேன். அவர் நிதானமாகக் கிராம்புச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு நியாயம் சொன்னார். வயலும் மனையும் என் அப்பா விட்டுப்போனது, அதில் யாரும் கைவைக்க முடியாதாம். வீடு மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து கட்டியது. ஆணி அடிக்காத வீடு, பிரித்தால் பிரியும், பூட்டினால் நிற்கும். அதனால் அது பாத்திரம் பண்டம் மாதிரி. அதில் இரண்டு பங்கு ஆணுக்கு, ஒரு பங்கு பெண்ணுக்கு. "கூரை அவருக்கு, தூண் எனக்குன்னா மழை யாருக்குங்க?" என்று கேட்டேன். சிரித்தார்.

இப்போது உனக்கு ஒன்று சொல்லவேண்டும். லாம்புங்கில் காட்டைத் திருத்த அரசாங்கம் ஆள் எடுத்தபோது தனியாளுக்கு நிலம் கிடையாது, கணவன் மனைவியாகத்தான் வரவேண்டும் என்றார்கள். என் வயலை விட்டு நான் வரமாட்டேன் என்றேன். அவர் பத்து நாளில் உன்னை நிக்காஹ் செய்து உன் பெயரைக் கொடுத்துவிட்டார். எனக்குத் தலாக்கும் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் நிலத்துக்காகத்தான் அந்தக் கல்யாணம் என்று என்னைத் தேற்றினார்கள். எனக்கு அதற்கு முன்பே தெரியும்.

அந்த வருஷ அறுவடைக்கு நீ அயலூரிலிருந்து வந்திருந்தாய். சின்னக் கத்தியை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு கதிர் கதிராகக் கிள்ளுவதில் உன்னைப்போல் கெட்டிக்காரி இல்லை என்று நானே என் வாயால் சொன்னேன். சாயங்காலம் எல்லோரும் முற்றத்தில் கட்டுகளைக் கொண்டுவந்து அடுக்கினீர்கள். பங்கு பிரிப்பது எப்போதும் நான்தான். அன்றைக்குக் காப்பி எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் அவர் குந்தி உட்கார்ந்து உன் கட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். அயலூர்க்காரிக்குக் கூலி பத்துக் கட்டுக்கு ஒன்று. கூடப்பிறந்தவளுக்கு ஐந்துக்கு ஒன்று. இது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவர் ஐந்து எண்ணி, ஒன்றை எடுத்து உன் காலடியில் வைத்தார். மறுபடி ஐந்து, மறுபடி ஒன்று. முற்றத்தில் அத்தனை பெண்களும் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

அன்றைக்குப் பற்றிய வயிறு இன்னும் எரிகிறது. பொறாமைதான். வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

வீடு நகராது என்று அவரிடம் சொல். இந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படித்துக் காட்டு.

முஜிரா


லாம்புங், புதுக் குடியேற்றம், 1974 ஜூன் 9

முஜிரா அக்காவுக்கு,

அக்கா என்று எழுதியதற்குக் கோபப்படாதீர்கள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

முதலில் அவர் சொல்லச் சொன்னதை எழுதிவிடுகிறேன். "சொல்லு அவகிட்ட. அந்தத் தேக்கை காட்டுல தேடித் தேடி எடுத்தவன் நான். இழைச்சவன் நான். அவ மனை அவளுக்கு, என் மரம் எனக்கு. மூணுல ஒரு பங்குக்கு வேணும்னா சமையக்கட்டை வச்சுக்கட்டும். எழுதிட்டியா?" எழுதிவிட்டேன்.

இனி எழுதுவது அவருக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தை ஊர்த்தலைவர் வரைக்கும்தான் படித்துக் காட்டினேன். மீதியை ஓடைக்கரையில் துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து நானே படித்தேன். அக்கா, அந்தப் பங்கை நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றாலும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வயல் கிடையாது. ஊர் ஊராகப் போய் அறுத்து எப்போதும் பத்துக்கு ஒன்றுதான் வாங்கியிருக்கிறேன். ஒருத்தர் வீட்டு முற்றத்தில் எனக்கு ஐந்துக்கு ஒன்று விழும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அன்றைக்கு வரப்பில் நடந்தபோது தலையில் பாரம் இருந்ததே தெரியவில்லை. என் அம்மா கட்டைப் பார்த்துவிட்டு, "யாருடி உன்னைத் தங்கச்சியாக்கினது?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

இங்கே மரத்துக்குப் பஞ்சமா சொல்லுங்கள். கண்ணைத் திறந்தால் மரம்தான். வெட்டிப் போட்டதை எரிக்க ஆள் இல்லாமல் கிடக்கிறது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த பலகை வீடு ஒழுகினால் புதிதாக ஒன்று கட்ட எத்தனை நாள் ஆகும்? ஆனால் அவருக்கு அந்த வீடுதான் வேண்டும். சாப்பிடும்போது, "முஜிரா இந்நேரம் நடு அறையில விதைநெல்லுக்குப் பூ வச்சிருப்பா" என்கிறார். நான் மிளகாய்த் துவையல் அரைத்தால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்துகிறார். தூக்கத்தில் கை நீட்டித் தூணை இழைக்கிறார்.

எனக்கு அந்த வீடு வேண்டாம் அக்கா. அதன் ஒவ்வொரு மூலையிலும் நீங்கள் இருப்பீர்கள். உங்கள் கூரைக்குக் கீழே நான் எப்படிப் படுப்பேன்? விடாதீர்கள். ஊரைக் கூட்டுங்கள், தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அந்த வீடு இங்கே வரக்கூடாது.

வார்சினி


கரங்லோ, 1974 ஜூலை 2

வார்சினிக்கு,

உனக்கு வேண்டாமா? அப்படியானால் வீடு வருகிறது.

உன் கடிதம் வந்த அன்றைக்குச் சாயங்காலமே தர்சிமின் வீட்டுக்குப் போய், "அண்ணே, முழுசா எடுத்துக்கங்க. மூணுல ஒரு பங்கும் வேணாம்" என்றேன். வாயில் போட்ட மரவள்ளிக்கிழங்கை அவர் விழுங்கவே மறந்துவிட்டார். எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று அவர் பெண்டாட்டி தலையில் தண்ணீர் தெளிக்க வந்தாள்.

போன வெள்ளிக்கிழமை ஊர் ஆண்கள் எல்லோரும் வந்தார்கள். முதலில் ஓடு, பிறகு கைமரம், பிறகு உத்தரம். நான் அடுப்பு மூட்டி எல்லோருக்கும் சோறும் பொரித்த சோயா டெம்பேயும் போட்டேன். வீடு கட்டுகிற நாளில் போடுகிற மாதிரியே போட்டேன். சாப்பிடும்போது ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மதியத்துக்குள் நடுத்தூண் நான்கும் கீழே வந்துவிட்டன. வீடு இருந்த இடத்தில் வெயில் விழுந்தது. அந்தத் தரையில் வெயில் பட்டு இருபது வருஷம் ஆகிறது.

நான் இப்போது வீட்டோடு சேராமல் பின்னால் தனியாக இருக்கிற சமையல் குடிசையில் படுக்கிறேன். ஒரு பக்கம் விறகு, ஒரு பக்கம் நான். மழை வந்தால் ஒழுகும். ஒழுகட்டும்.

உனக்குச் சில விவரம் சொல்லவேண்டும். நடு அறைப் பலகையில், தரையிலிருந்து முழ உயரத்துக்கு மேலே ஒரு கறுப்புக் கறை இருக்கும். நான் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்து தலை எண்ணெய் இறங்கியது. தேய்க்காதே. சாம்பல் போட்டு நானே தேய்த்திருக்கிறேன், போகாது. கதவுத் தாழ்ப்பாள் கீழே இருக்கும், என் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தார். வாசல் நிலையும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் என்னைச் சுவரோரம் நிற்கவைத்து, தலைக்கு மேல் நான்கு விரல் வைத்து அளந்தார். ஊரிலேயே குட்டை வாசல் நம் வாசல்தான்.

நீ என்னைவிட உயரம் அல்லவா?

ஒன்றை மட்டும் அனுப்பவில்லை. நடுத்தூண் நின்ற நான்கு கல்லும் இங்கேயே இருக்கின்றன. கடப்பாரையோடு தர்சிமின் வந்தார். "கல்லு மண்ணோட சேந்தது. மண்ணு எங்கப்பாது" என்றேன். அவர் போய்விட்டார்.

முஜிரா


லாம்புங், 1974 செப்டம்பர் 21

அக்கா,

உங்களுக்கு இப்படி ஒரு மனசா? கெஞ்சிக் கேட்டேனே.

வீடு எழும்பிவிட்டது. எங்கள் வீட்டு வரிசைக்காரர்கள் எல்லோரும் கைகொடுத்தார்கள். வேறு பாஷைக் குடியேறிகள், சுண்டானீஸ்காரர், பாலிக்காரர் என்று அடுத்த வரிசையிலிருந்தெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். "ஆணி எங்க? ஆணியே காணோமே!" என்று தடவித் தடவிப் பார்த்தார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சமையல் பக்கம் நின்று எல்லோருக்கும் காப்பி ஊற்றினேன். ஒருத்தி வந்து, "உன் புருஷன் உனக்காக எவ்ளோ தூரத்துலேருந்து வீட்டையே கொண்டாந்துட்டான் பாரேன்" என்றாள். நான் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டேன்.

முதல் நாள் உள்ளே போகும்போது நெற்றியில் இடித்துக்கொண்டேன். இரண்டாம் நாளும் அதே இடம். இப்போது இடிப்பதில்லை. குனிந்து போகிறேன். தண்ணீர் எடுக்கப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, கோழிக்குத் தீனி போட ஒரு தடவை. ஒரு நாளைக்கு எத்தனை கும்பிடு உங்களுக்குப் போடுகிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்படுங்கள்.

கறை போகவில்லை. தேங்காய் நார், சாம்பல், எலுமிச்சை எல்லாம் போட்டுப் பார்த்தேன். அது பளபளப்பாகத்தான் ஆகிறது.

நேற்று அவர் திண்ணையில்லாத இந்த வாசலில் உட்கார்ந்து தூணில் சாய்ந்துகொண்டு, "முஜிரா, காப்பி" என்றார். சொல்லிவிட்டுத் தவறு செய்தோம் என்றுகூடத் தெரியவில்லை அவருக்கு. நானும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

தூணுக்குக் கீழே சிமெண்டைக் குழைத்து ஊற்றியிருக்கிறார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒன்றில் வெடிப்பு விட்டிருக்கிறது. கறையான் வேறு ஏறுகிறது. தினமும் குனிந்து பார்த்து, "கல்லு இல்லாம எப்படி? கல்லு வேணும்" என்று முனகுகிறார். அந்தக் கல்லையும் ஏன் வைத்துக்கொண்டீர்கள்? அனுப்பித் தொலைத்திருக்கக் கூடாதா?

வார்சினி


கரங்லோ, 1974 அக்டோபர் 19

வார்சினிக்கு,

நோன்புப் பெருநாள் நல்லபடியாக முடிந்தது. வழக்கப்படி ஊர் முழுக்கப் போய் எல்லோரிடமும் வெளியில் செய்த பிழை, உள்ளே நினைத்த பிழை எல்லாம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கைபிடித்தேன். என் வாத்தைத் திருடித் தின்ற பக்கத்து வீட்டுக்காரனிடம்கூடச் சொன்னேன். உன்னிடம் மட்டும் சொல்வதாக இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம்.

நெற்றியில் இடித்ததைப் படித்துவிட்டுச் சிரித்தேன். தனியாகச் சிரித்தேன் என்று வைத்துக்கொள், இந்தக் குடிசையில் இரண்டு பேர் சிரிக்க இடமில்லை. பிறகு "முஜிரா, காப்பி" என்ற இடத்தை நாலைந்து தடவை படித்தேன். காகிதம் மடிப்பில் கிழிந்துவிட்டது.

கல் வேண்டுமானால் அவரே வந்து கேட்கட்டும்.

முஜிரா


லாம்புங், 1975 பிப்ரவரி 26

அக்கா,

அவர் கிளம்பிவிட்டார். உங்களிடம்தான் வருகிறார். இந்தக் கடிதம் முந்துமோ அவர் முந்துவாரோ தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் தலையில் குடத்தோடு உள்ளே போனேன். குனிந்தேன், குடம் சரிந்து உடைந்தது. உடைந்த குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன தோன்றியதோ, அவர் உளியை எடுத்துவந்து நிலையின் மேல்கட்டையைக் கொத்த ஆரம்பித்துவிட்டேன். என் தலை போகிற அளவுக்கு மட்டும் கொத்தலாம் என்றுதான் நினைத்தேன். தேக்கு இரும்பாக இருக்கிறது. கொத்தக் கொத்த ஆத்திரம் அடங்குவதற்குப் பதிலாக ஏறியது. அவர் மிளகுத் தோட்டத்திலிருந்து வரும்போது கட்டை பாதிக்குமேல் போய்விட்டது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். கொத்தின இடத்தைக் கையால் தடவினார், புண்ணைத் தடவுகிற மாதிரி. "இதை அளந்தப்ப..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மறுநாள் காலையில் துணி மூட்டையோடு, "கல்லு எடுத்துட்டு வரேன்" என்றார். நான்கு கல்லைத் தனியாள் எப்படித் தூக்கிக்கொண்டு கப்பலேறுவார்? எனக்கு என்ன, காது குத்துகிறாரா?

இதற்குத்தானே வீட்டை அனுப்பினீர்கள்? வீடு முன்னால் வந்தது, இப்போது அவரைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறது. நீங்கள் குட்டையாக இருந்தாலும் மூளை உயரம்.

எனக்கு இங்கே யாரும் இல்லை. காட்டுப்பன்றி வந்து கிழங்கைத் தோண்டுகிறது. ராத்திரி குட்டைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உங்கள் கறைக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் அவருக்கு இப்போது என்ன சமைத்துப் போடுவீர்கள் என்று நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது.

கல்லைக் கொடுத்து அவரை அனுப்பிவிடுங்கள். கல்லைக் கொடுக்காவிட்டாலும் அனுப்பிவிடுங்கள்.

வார்சினி


கரங்லோ, 1975 ஏப்ரல் 6

வார்சினிக்கு,

அவர் உன் கடிதத்துக்கு ஒரு நாள் முன்னால் வந்து சேர்ந்தார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வரப்பில் அவர் தலை தெரிந்ததும் நான் குடிசைக்குள் ஓடித் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மூன்று வருஷமாக இந்த ஊர்ப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையெல்லாம் இன்றோடு போச்சு என்று நினைத்தேன். நல்ல துணியைக்கூட எடுத்து உடுத்தினேன்.

வந்தவர் முற்றத்தில் நின்றார். வீடு இருந்த வெற்றிடத்தையும் அதில் நிற்கிற நான்கு கல்லையும் பார்த்தார். நேராகப் போய் ஒரு கல்லில் கைவைத்து, "நல்லாருக்கு. வெடிப்பு விடலை" என்றார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"சாப்ட்டியா முஜிரா?"

"நான் சாப்புட்டா என்ன, சாப்புடாட்டி என்ன? கல்லு சாப்புட்டுச்சான்னு கேளுங்க."

அவருக்குப் புரியவில்லை. மூட்டையை இறக்கிவைத்துச் சுற்றிலும் பார்த்தார். "எங்க படுக்கிறது?"

"வீட்ல போய்ப் படுங்க. வீடு லாம்புங்ல இருக்கு."

கதவு இருந்தால் திறந்திருப்பேனோ என்னவோ. கதவு உன்னிடம் இருந்தது. என் வயிற்றெரிச்சலில் நானே கழற்றி அனுப்பினது என்னைக் காப்பாற்றியதா கெடுத்ததா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அறுவடை நேரம். ஆள் வந்திருக்கிறார், சும்மா இருப்பானேன் என்று கட்டுச் சுமக்க வைத்தேன். தோளில் தடி போட்டு வயலிலிருந்து முற்றத்துக்குச் சுமந்தார். வயதாகிவிட்டது அவருக்கு, வார்சினி. வரப்பில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் பெண்கள் கட்டுகளை அடுக்கினார்கள். நான் காப்பிக்குப் போகவில்லை. கெட்டிலை முன்னாலேயே கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒருத்தியின் கட்டு அவிழ்ந்துவிட்டது என்று வைக்கோல் கயிறு எடுக்க மட்டும் எழுந்தேன். திரும்பினால் அவர் குந்தி உட்கார்ந்திருக்கிறார். எதிரே அயலூர்ப் பெண் ஒருத்தி. இந்த வருஷம்தான் முதல் தடவை வருகிறாள், கல்யாணம் ஆகவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறாள். அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார். ஐந்தாவது கட்டைத் தூக்கிவிட்டார். கை அவள் காலடிப் பக்கம் போகிறது. முற்றத்தில் அத்தனை பேரும் மெல்வதை நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கையை அப்படியே பிடித்தேன்.

"அந்தப் பொண்ணு அயலூரு. பத்துக்கு ஒண்ணு."

"பாவம், சின்னப் பொண்ணு, நல்லா அறுக்குது..."

"நல்லாத்தான் அறுக்கும். முன்னால ஒண்ணு வந்துச்சே, அதுவும் நல்லாத்தான் அறுத்துச்சு. அதுக்கு நீங்க குடுத்த பங்க அது இன்னும் சுமந்துட்டிருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகத்தில் கோபம்கூட வரவில்லை. என்ன தப்பு செய்தோம் என்று விழித்தார். அந்த விழிப்பைப் பார்த்ததும் எனக்கு இத்தனை வருஷம் உன்மேல் இருந்த எரிச்சல் பாதி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பாதிதான். மீதி இருக்கிறது, நீ சந்தோஷப்படாதே.

பிறகு நானே உட்கார்ந்து பிரித்தேன். கடைசியில் அவர் நின்றார், சுமந்த கூலிக்கு. ஐந்துக்கு ஒன்று என்று தானாகவே எடுக்கப் போனார்.

"அயலூர்க்காரங்களுக்குப் பத்துக்கு ஒண்ணு."

"நானா அயலூரு?"

"வீடு எங்க இருக்கோ அதான ஊரு?"

இந்தத் தடவை எல்லோரும் வாய்விட்டே சிரித்தார்கள். ஊர்த்தலைவர் பெண்டாட்டி சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது.

அதற்கப்புறம் அவர் சுமந்த கதிரிலிருந்தே ஐந்துக்கு ஒன்றாக எண்ணி ஒரு பெரிய கட்டாகக் கட்டித் தனியே வைத்தேன். யாருக்கு என்று கேட்டார். வார்சினிக்கு என்றேன்.

"அறுக்காதவளுக்கு எதுக்குப் பங்கு?"

"தெனம் குனிஞ்சு குனிஞ்சு போறா இல்ல, அந்தக் கூலி."

கல்லைக் கொடுக்கவில்லை. நாளைக்கு அவரைக் கிளப்பிவிடுகிறேன். அவர் கூலிக் கட்டு, உன் கட்டு, இரண்டையும் தூக்கிக்கொண்டுதான் வருவார். அண்ணன் வீட்டில் நான்கு நாள் உட்கார்ந்துவிட்டு வருவார், அதனால் இந்தக் கடிதம் முந்திவிடும். பெரிய கட்டு உன்னுடையது. நினைவில் வைத்துக்கொள். பெரியது.

முஜிரா


லாம்புங், 1975 மே 3

அக்கா,

கடிதம் முதலில் வந்தது. அவர் பின்னால் வந்தார்.

நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கட்டையும் என் முன்னால் இறக்கிவைத்துவிட்டு, நிலையைப் பார்த்தார். நான் கொத்திய இடத்தில் ஒரு பலகையை வைத்து அடைத்திருந்தேன், அதைத் தட்டிப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார். பெரிய கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சின்னதை என் பக்கம் தள்ளினார்.

"இது அவ உனக்குக் குடுத்தது."

நான் இரண்டையும் இடம் மாற்றினேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அவ எழுதிட்டாளா?" என்றார்.

"எழுதிட்டாங்க."

சின்னக் கட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். அன்றைக்கு முழுக்க நடுத்தூண்களுக்குக் கீழே புதிய சிமெண்ட் போட்டுக்கொண்டிருந்தார். கல்லைப் பற்றி முனகவில்லை. காப்பி கேட்டபோது என் பெயரைச் சரியாகச் சொன்னார். சொல்வதற்கு முன்னால் சற்று யோசித்ததையும் பார்த்தேன்.

உங்கள் கதிரைக் குத்திச் சோறாக்கினேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நியாயமாகக் கிடைத்த ஐந்துக்கு ஒன்று. நல்ல வாசனை. சாப்பிடும்போது அழுதேன், வேறு ஒன்றும் இல்லை, மிளகாய் அதிகம்.

ஆனால் அக்கா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வந்த நாள், அறுத்த நாள், பங்கு பிரித்த நாள், எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நல்ல துணி எடுத்து உடுத்தியதைக்கூட எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். வீடு இல்லை, சரி. குடிசையில் ஒரு பக்கம் விறகு, ஒரு பக்கம் நீங்கள், அதுவும் சரி. அத்தனை ராத்திரியும் அவர் எங்கே படுத்தார்?

அந்த அயலூர்ப் பெண்ணின் பெயர் என்ன?

வார்சினி


கரங்லோ, 1975 மே 22

வார்சினிக்கு,

மாட்டுக் கொட்டிலில். நம்பாவிட்டால் அவர் போர்வையை முகர்ந்து பார்.

அந்தப் பெண்ணின் பெயரை உனக்குச் சொல்லமாட்டேன். அவளுக்குப் பத்துக்கு ஒன்று கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனாள், அவ்வளவுதான். அவளாவது நிம்மதியாக இருக்கட்டும்.

மேலே சிமெண்ட், கீழே கறையான் என்று அந்த வீடு எத்தனை நாள் நிற்கும் என்று தெரியாது. கல் நான்கும் இங்கே இருக்கிறது. ஒன்றில் நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், இன்னொன்றில் கோழி உட்காருகிறது, இரண்டு காலியாக இருக்கிறது.

அடுத்த அறுவடைக்கு நீயே வந்து அறுத்து உன் பங்கை எடுத்துக்கொண்டு போ. ஆள் மூலமாக இனி அனுப்புவதாக இல்லை, வழியில் கட்டு இடம் மாறுகிறது. பிரிப்பது நான்தான், காப்பிக்கும் எழுந்திருக்கமாட்டேன்.

இங்கே கதவும் இல்லை, நிலையும் இல்லை. நிமிர்ந்தே வரலாம். அவரை மட்டும் கூட்டிக்கொண்டு வராதே.

அக்கா